தீவின் கதைகளும் நிலத்தின் மொழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

    

கடல் கடந்து குடியேறும் மக்கள் தம்முடன் எவற்றையெல்லாம் கொண்டு வருகின்றனர்? அம்மியும் குழவியும் கொண்டு வருகின்றனர். குலதெய்வத்தின் படத்தைக் கொண்டு வருகின்றனர். வந்த இடத்தில் முருகனுக்குக் கோயில் எடுத்துப் பங்குனி உத்திரக் காவடியும் எடுக்கின்றனர். இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத மூட்டை ஒன்றும் உடன் வருகிறது. பாட்டி சொன்ன கதைகளே அம்மூட்டை. புளியமரத்துப் பேயும், ஏரிக்கரை முனியும், நள்ளிரவில் ஒலிக்கும் சலங்கையும் அவ்வாறே நம்முடன் கப்பலேறி வந்தன. ஆனால் நாம் வந்து இறங்கிய மண் கதையற்ற மண்ணன்று. இதற்கென்றே மிகப் பழைய கதைகள் இருந்தன. அக்கதைகளைப் பற்றியும், அவற்றுள் மறைந்திருக்கும் பொருளைப் பற்றியும் சிறிது நேரம் எண்ணிப் பார்ப்போம்.

இத்தீவுகள் வெளியுலகிற்கு என்றுமே புதிராகவே இருந்து வந்துள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இத்தாலியப் பயணி மார்க்கோ போலோ, இங்குள்ளோர் நாய்முகம் கொண்டவர் என்று கேட்ட கதையை அப்படியே எழுதிவிட்டார். நம் தமிழரோ அவருக்கு முன்னரே இக்கடலை அறிந்திருந்தனர். முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் நடத்திய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களுள் மாநக்கவாரம் என்னும் பெயரை அவன் மெய்க்கீர்த்தி குறிக்கிறது. அதுவே இன்றைய நிக்கோபார் என்பர் அறிஞர்.

இனி இங்குள்ள அதிசய இடங்களுக்கு வருவோம். போர்ட் பிளேயர் என நெடுங்காலம் வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் பெற்ற நம் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 138 கிலோமீட்டர் தொலைவில் கடல் நடுவே ஒரு மலை புகைகிறது. அதுவே பாரன் தீவு. இந்தியாவில் இன்றும் நெருப்புக் கக்கும் எரிமலை இஃது ஒன்றே. 1787-ஆம் ஆண்டு முதல் இதன் சீற்றம் ஏடுகளில் பதிவாகியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டிற்கும் மேலாக அது உறங்கியது. 1991-இல் கண் விழித்தது. அதன் பின் பன்முறை புகையும் குழம்பும் கக்கி வந்துள்ளது. அதற்கு வடக்கே நார்கொண்டம் என்னும் தீவு உள்ளது. நரக குண்டம் என்பதே அவ்வாறு திரிந்தது என்பது ஒரு வழக்கு. ஆனால் அம்மலை நெருப்புக் கக்கியதை எந்த வரலாறும் கூறவில்லை. எனவே, புகையும் பாரன் தீவுக்கு வழங்கிய பெயர் மாலுமிகளின் வாயில் இடம் மாறிப் பக்கத்துத் தீவில் ஒட்டிக்கொண்டதோ என்று கருதினாரும் உண்டு. கதைகள் இவ்வாறு வழிதவறுவதும் இயல்பே.

நகருக்கு வடக்கே நூறு கிலோமீட்டரளவில் உள்ள பாரதாங் தீவில் மற்றோர் அதிசயம் உண்டு. காட்டின் நடுவே தரை வெடித்துச் சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டுப் பொங்குகிறது. உள்ளூர் மக்கள் அதனை ஜல்கி என்பர். தொட்டுப் பார்த்தால் சூடில்லை. பூமிக்கு அடியில் புதைந்த உயிர்ப்பொருள்கள் சிதைவதால் உண்டாகும் வாயு, நீரையும் களிமண்ணையும் மேலே தள்ளுவதே இதன் காரணம். அமைதியாகக் குமிழியிடும் இச்சேறு சில வேளைகளில் பேரொலியுடன் வெடிப்பதும் உண்டு. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தை ஒட்டியும் அது வெடித்தது.

இன்னும் ஓர் அதிசயம் நிலாவற்ற இரவுகளில் தோன்றும். முன்பு ஹாவ்லக் என வழங்கி, 2018 முதல் ஸ்வராஜ் தீவு எனப்படும் தீவின் கரையில், துடுப்பு பட்ட இடமெல்லாம் நீலச்சுடர் சிதறக் காணலாம். கடற்பேயின் கண் என்று அஞ்சினால் அச்சமே மிஞ்சும். உண்மையில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நீர் அசையும்போது ஒளி உமிழ்கின்றன. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையிலும் அலைகள் இவ்வாறு ஒளிர்ந்தமையை மக்கள் திரண்டு கண்டு வியந்தனர். கண்டு மகிழத்தக்க அதிசயம் இது.

ஆனால் எல்லா அதிசயங்களும் இத்தகையன அல்ல. நிலம் நடுங்குதல் என்னும் அதிசயத்தை இத்தீவின் ஆதிகுடிகள் எங்ஙனம் விளக்கினர்? எட்வர்டு ஹொரேஸ் மேன் என்னும் ஆங்கில அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களிடம் கேட்டுப் பதிந்த செய்திகளுள் ஒன்று இது: உலகம் ஒரு மாபெரும் பனைமரத்தின் மேல் நிற்கிறது. மீண்டும் உயிர்த்தெழக் காத்திருக்கும் முன்னோர், பொறுமையிழந்து அம்மரத்தைப் பிடித்து உலுக்குகின்றனர். அப்போது நிலம் நடுங்குகிறது. மேலும், தேன்மெழுகை உருக்கினாலும், சிள்வண்டு பாடும் வேளையில் ஓசை எழுப்பினாலும் புலுகா என்னும் தெய்வம் சினந்து புயலை ஏவும் என்றும் அவர்கள் நம்பினர். முன்னொரு காலத்தில் அத்தெய்வத்தின் சினத்தால் பெருவெள்ளம் எழுந்து நிலத்தை மூடியது என்பதும் அவர்தம் கதைகளுள் ஒன்று.

இக்கதைகளைக் கேட்டு நகைப்பது எளிது. அறிவியல் என்ன கூறுகிறது? இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு, இத்தீவுகளைத் தாங்கும் தட்டின் அடியில் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டே இருக்கிறது. நுழையும் தட்டு தன்னுடன் கொண்டு செல்லும் நீரால் ஆழத்துப் பாறை உருகுகிறது. அதுவே பாரன் தீவின் நெருப்பு. கடலடியில் படிந்த வண்டல் நெருக்குண்டு பிதுங்குகிறது. அதுவே பாரதாங்கின் சேறு. இறுகிப் பூட்டிக்கொண்ட தட்டுகள் ஒரு நாள் திடீரென நழுவுகின்றன, அதுவே நிலநடுக்கம். ஆக, வெவ்வேறு எனத் தோன்றும் மூன்று அதிசயங்களுக்கும் வேர் ஒன்றே! பனைமரத்தை உலுக்குவோர் இலர் என்பது உண்மையே. எனினும், நாம் நிற்கும் நிலம் அசையக்கூடியது, மீண்டும் அசையும் என்பதை அக்கதை மறவாமல் காத்து வைத்திருந்தது.

அன்பர்களே! 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிட அளவில் சுமத்திராவின் மேற்கே தொடங்கிய பிளவு, இத்தீவுகளின் நெடுகிலும் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. நம் நகர் இருக்கும் நிலம் ஒரு மீட்டரளவு தாழ்ந்தது. சிப்பிகாட்டின் வயல்களில் கடல்நீர் புகுந்து நிலைத்தது. இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் நான்கு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்து அலை நடுவே நின்றது. வடக்கே சில கரைகளிலோ பவளப்பாறை நீருக்கு மேலே எழுந்தது. கார் நிக்கோபாரிலும், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்திருந்த கச்சல் தீவிலும் நேர்ந்த அழிவு சொல்லில் அடங்காது.

அன்று லிட்டில் அந்தமானில் நிகழ்ந்ததை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். அத்தீவின் ஹட் பே குடியிருப்பைப் பேரலை சூறையாடியது. அதே தீவில் வாழும் ஓங்கி மக்களோ, அன்று ஏறத்தாழ நூறு பேரே இருந்த சிறு குடியினர், உயிர் பிழைத்தனர். நிலம் பெரிதும் நடுங்கினால் பின்னே நீர்ச்சுவர் எழும் என்பது அவர்கள் வழிவழியாகக் கேட்டது. கடல் பின்வாங்கக் கண்டதும் மேட்டு நிலம் நோக்கி அவர்கள் நடந்துவிட்டனர். கடலுக்கு அப்பாலும் இவ்வாறே. சுமத்திராவை அடுத்த சிமுலுவே தீவில் 1907-இல் ஒரு பேரலை எழுந்து பலரை விழுங்கியது. அதனை ஸ்மோங் என்னும் ஒரு சொல்லில் பொதிந்து, தாலாட்டிலும் பாட்டிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர் அத்தீவினர். 2004-இல் பிளவு தொடங்கிய இடத்திற்கு மிக அண்மையில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேரில் மாண்டவர் எழுவரே என்பர். தாய்லாந்துக் கடலோடிகளாகிய மோகென் மக்களையும் இத்தகைய கதையே காத்தது.

ஈண்டு ஒன்றை நேர்மையுடன் சொல்லுதல் வேண்டும். கார் நிக்கோபார் தட்டையான தீவு. ஓடி ஏற மேடு அரிது. அலை வருவதற்குள் கிடைத்த நேரமோ சிறிது. அங்கு மாண்டவர்களைக் கதை அறியாதவர் என்று கூறுதல் அறமன்று. ஆயினும், நேரமும் மேடும் இருந்த இடங்களில் ஒரு கதை எத்தனை உயிர்களைக் காக்கவல்லது என்பதை மறுப்பார் இலர்.

தமிழர்க்குக் கடல்கோள் கதை இல்லையா? உண்டு. பஃறுளி ஆற்றையும் குமரிக் கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. 1964 டிசம்பரில் புயல் தனுட்கோடியை இரயிலோடு கொண்டு சென்றதை நம் மூத்தோர் அறிவர். ஆனால் மேடைகளில் கடல்கோள் இழந்த நிலத்தின் பெருமையாகவே பேசப்படுகிறது. எது அறிகுறி, கண்டவர் என் செய்தல் வேண்டும் என்னும் இரண்டும் அக்கதைகளில் இல்லை. 2004-இல் நாகப்பட்டினக் கரையை அலை அடைந்தபோது நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரத்திற்கும் மேல் கழிந்திருந்தது. கடலோர மாவட்டங்களில் அன்று ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஆகவேதான், குடியேறியவர் தம் ஊர்க் கதையோடு வந்த மண்ணின் கதையையும் கற்றல் வேண்டும் என்கிறோம். 1881-ஆம் ஆண்டின் இறுதி நாளில் கார் நிக்கோபாருக்கு அருகே நிலம் நடுங்கி எழுந்த அலையைச் சென்னைத் துறைமுகத்தின் அளவைக் கருவியும் பதிந்தது. 1941 ஜூன் 26-இல் நேர்ந்த நடுக்கம் செல்லுலார் சிறையையே சிதைத்தது. ஆனால் இங்குள்ள குடியேற்றங்களிற் பெரும்பாலானவை 1949-க்குப் பின் வந்தவை. வந்தவர்க்கு அந்நினைவு இல்லை; சொல்லத்தக்க ஆதிகுடிகளோ அருகிவிட்டனர். 2010 சனவரியில் போவா சீனியர் என்னும் மூதாட்டி மறைந்தபோது, போ என்னும் மொழியைப் பேசக் கடைசியாக இருந்த ஒருவரும் மறைந்தார். ஒரு மொழி மறையுங்கால் அதன் எச்சரிக்கைகளும் மறைகின்றன அல்லவா?

ஐதராபாத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு நிலையம் இயங்கி வருகிறது. அது நமக்குப் பெருந்துணை. எனினும் இத்தீவுகளில் அலை அரை மணிக்குள்ளேயே வந்துவிடக்கூடும். செய்தி வந்து சேரும் முன்பே செய்தி சொல்வது நம் காலடி நிலம். அதன் மொழி எளியது. நிற்க இயலாதபடி நிலம் நடுங்கினாலும், மெல்லிய நடுக்கமே நெடுநேரம் நீடித்தாலும், நடுக்கம் ஓய்ந்தவுடன் கரையை விட்டு மேட்டிற்குச் செல்க. கடல் பின்வாங்கி மீன்கள் தரையில் துடித்தால் வேடிக்கை பார்க்க இறங்காது விலகி ஓடுக. ஆனால் கடல் பின்வாங்கட்டும் என்று காத்திராதீர். பின்வாங்காமலே பொங்கி வருவதும் உண்டு. முதல் அலையோடு முடிந்தது என்று எண்ணி இறங்காதீர். பின் வரும் அலை பெரிதாதல் கூடும். மணிக்கணக்கில் அலைகள் தொடரும். அரசினர் அறிவிக்கும் வரை மேட்டிலேயே இருத்தல் நன்று.

இவ்வளவே நாம் கற்க வேண்டிய தீவுக்கதை. மின்னி பே விரிகுடாவின் கரையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, தாய்மார்களே, இதனைக் கதையாகச் சொல்லுங்கள். பனைமரத்தை உலுக்கும் முன்னோரைச் சொல்லுங்கள். சிமுலுவேயின் பாட்டியைச் சொல்லுங்கள். ஓங்கி மக்கள் நடந்த வழியைச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து அருகிலுள்ள மேட்டிற்குச் செல்லும் வழியை ஒரு ஞாயிறு மாலை அவர்களோடு நடந்து காட்டுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் நம் சிறுமியர் இச்செய்தியைக் கும்மியாகப் பாடி ஆடினால், அஃது இச்சங்கம் இத்தீவிற்குச் செய்யும் நன்றியாகும். பிறக்கவிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் சொத்துமாகும்.

தமிழ் வாழ்க! தீவு வாழ்க!