மந்தித்தோப்புப் பால்

திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானிலிருந்து நாற்கரச் சாலையில் வடக்கே போனால் கோவில்பட்டி. அதை ஒட்டிய மந்தித்தோப்பில் 2020-இல் திருநங்கையருக்கென்றே ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. திருநங்கையர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு முன்னின்று உழைக்க, அப்போதைய தூத்துக்குடி ஆட்சியர் சந்தீப் நந்தூரி துணை நின்றார். அங்குள்ள திருநங்கையர் குடியிருப்புக்கே அவர் பெயரால் சந்தீப் நகர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

விடியுமுன் எழுந்து சாணி அள்ளி, தொழுவம் கழுவி, மடியைத் துடைத்துப் பால் கறந்து, கேனில் ஊற்றிச் சங்கத்தில் அளக்க வேண்டும். மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இதில் பொங்கல், தீபாவளிக்குக்கூட விடுமுறை கிடையாது. திருநங்கையருக்கு வாடகைக்கு வீடு கொடுக்கவே தயங்கும் ஊர்களில், அவர்கள் கறந்த பால் அடுத்தவர் வீட்டு அடுப்பில் காய்வதை நான் பெரிய வெற்றியாகவே நினைக்கிறேன்.

இந்தச் சங்கத்துக்கு முன்பே, திருநங்கையர் நல வாரியத்தை நாட்டிலேயே முதலில் அமைத்தது தமிழ்நாடு, 2008 ஏப்ரல் 15-இல். அந்த நாள்தான் இங்கே திருநங்கையர் தினம். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவர்களுக்கு டிக்கெட் இலவசம். பேருந்தில் அவர்களின் பக்கத்து இருக்கையில் தயங்காமல் உட்காருங்கள், பேச்சுக் கொடுங்கள். வாரிய அடையாள அட்டை இல்லாதவர் உங்கள் ஊரில் இருந்தால், மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள்.