பழைய கட்டடத்துக்கும் மெயின்டனன்ஸ் உண்டு

பாரிஸில் 1920களில் கட்டிய சரக்கு ரயில் கொட்டகையை 2017-ல் 'ஸ்டேஷன் எஃப்' என்ற ஸ்டார்ட்அப் கூடமாக்கினார்கள். சேப்பாக்கம் ஹுமாயூன் மகாலையும் அப்படி மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாமே என்கிறார்கள் நம் இளைஞர்கள். கொடுக்கலாம். பக்கத்துக் கட்டடத்தின் கதையையும் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

1768-ல் ஆற்காடு நவாப் கட்டிய அரண்மனையின் இன்னொரு பகுதி கலச மகால். அரசு அலுவலகங்கள் இருந்த அந்தக் கட்டடம் 2012 ஜனவரியில் தீப்பற்றி எரிந்தது. ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பிறகு பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையிலேயே அதைப் புதுப்பித்தது. இப்போது அங்கே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. நம் வேளச்சேரி ஏரி வழக்கு போனதும் அங்கேதான்!

கம்ப்யூட்டர் கூடம் என்றால் ஏசி, சர்வர், கேபிள் என்று மின்சார லோடு ஏறும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேறாமல் செங்கல் உதிரும். பேங்க்காரன் புத்தி, கணக்கும் கேட்கத் தோன்றுகிறது. புதுப்பிக்க ஒருமுறை பணம் கிடைத்துவிடும், வருஷா வருஷம் பராமரிக்க? நம் கார்பஸ் ஃபண்ட் மாதிரி, வாடகையில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்கும்படி மனுவில் எழுதுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.