சீனக்குடா குதங்கள் யாருடையவை?



திருகோணமலையில் 'லீஸ்' என்ற சொல்லை அறியாத ஓட்டோக்காரர் இருக்க மாட்டார். கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டியின் உரிமை கம்பனியிடம்; ஓட்டிப் பிழைக்கும் உரிமைதான் இவரிடம். இது நன்றாகத் தெரிந்தவர்கள்கூட சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "இந்தியாவுக்கு வித்துப்போட்டாங்கள்" என்கிறார்கள்.

லீஸ் விற்பனை அல்ல. உரித்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, குறித்த காலத்துக்கு, குறித்த வாடகைக்கு, அனுபவிக்கும் உரிமையை மட்டும் கொடுப்பது அது. ஆங்கிலத்தில் கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் அந்த ஒரே வினைதான். குத்தகைக்கு விடுவது, எடுப்பது என்று நாங்கள் பிரித்தே சொல்கிறோம்.

குதங்கள் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. இன்று எஞ்சியிருப்பவை 99 குதங்கள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இவற்றை இரு நாடுகளும் கூட்டாகச் சீர்செய்யும் என்று எழுதப்பட்டது. 2003இல் இந்திய அரச எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐஓசி நிறுவனத்துக்கு 35 ஆண்டுக் குத்தகை என்று உடன்பாடு கையெழுத்தானது. ஆனால் அதன்படி எழுதியிருக்க வேண்டிய குத்தகை உறுதி எழுதப்படவே இல்லை. தருவோம் என்பது வேறு, தந்துவிட்டோம் என்பது வேறு. இத்தனை ஆண்டு இழுபறிக்கு அரசியலும் காரணம்தான். ஆனாலும் வழக்குப் பேச்சுக்கெல்லாம் இடம் வைத்தது எழுதாமல் விட்ட அந்தக் காகிதம் என்பது என் எண்ணம்.

2022 ஜனவரியில்தான் புதிய குத்தகைகள் கையெழுத்தாகின. காலம் 50 ஆண்டு. லங்கா ஐஓசிக்கு 14 குதங்கள், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24. மீதி 61 இருவரின் கூட்டுக் கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். நிலம் இன்றும் அரசின் நிலம்தான். 50 ஆண்டு நீளமா, வாடகை போதுமா என்று தாராளமாகக் கேளுங்கள், அவை நியாயமான கேள்விகள். விற்றார்களா என்று கேட்டால் மற்றக் கேள்விகள் மறைந்துபோகும்.

எழுதாமல் விட்ட காகிதம் நம்மைப் போன்றவர்களின் குத்தகைகளிலும் சிக்கலைத் தரும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை என்றால், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாய்ப்பேச்சோ, வெறும் துண்டுக் கடிதமோ செல்லாது. கடையோ வயலோ ஆண்டுக் கணக்கில் எடுக்கப்போகிறவர்கள், முற்பணத்தை நீட்டுவதற்கு முன் நொத்தாரிசிடம் போங்கள். எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.