தோசைக்கல்லும் தீக்குழியும்



தண்ணீர் கொதிப்பதைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கக்கூடும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இந்த வட்டாரத்தில் நெருப்போடும் நீராவியோடும் மாரடித்து வயிறு வளர்ப்பவர்கள் ஏராளம். தீ மிதித்துக் கால் வேகாமல் வருவது அம்மன் அருள் என்று நம்புகிறவர்களும் அவர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு வேண்டிய விஷயந்தான்.

முதலில் தோசைக்கல்லைப் பாருங்கள். கல் காய்ந்ததா என்று அறியத் தண்ணீர் தெளிக்கிறீர்கள். அளவான சூடாயிருந்தால் 'சுர்' என்று உடனே வற்றிவிடும். கல் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்திருந்தாலோ, அதே தண்ணீர் வற்றாமல் முத்து முத்தாய் உருண்டோடும். சூடு ஏறினால் இன்னும் சீக்கிரமல்லவா வற்றவேண்டும்?

இதை லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய வைத்தியர் ஆராய்ந்து 1756-ல் எழுதினார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டார். முதல் சொட்டு 30 விநாடிக்கு மேல் நின்றது. கரண்டி ஆற ஆற, பின்னால் விட்ட சொட்டுகள் அதைவிடச் சீக்கிரத்தில் மறைந்தன. என்ன காரணம்? சொட்டின் அடிப்பாகம் உடனே ஆவியாகி, அந்த ஆவியே மெத்தைபோல் சொட்டைத் தாங்கிக்கொள்ளுகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் நீராவியின் யோக்கியதை தண்ணீருடையதில் சுமார் 25-ல் ஒரு பங்குதான். இதற்குக் கல் சுமார் 200 டிகிரிக்காவது காய்ந்திருக்க வேண்டும். கல்லின் தன்மைக்குத் தக்கபடி இது கூடும், குறையும். சொட்டு விரதமும் இருக்கவில்லை, மஞ்சள் துணியும் கட்டவில்லை.

சொட்டைக் காக்கும் இதே ஆவிப் படலம் பாய்லருக்கு எமன். 1970 முதல் 2017 வரை ஓடிய எண்ணூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களில், குழாய்க்கு வெளியே நெருப்பு, உள்ளே தண்ணீர். தண்ணீர் இரும்பைத் தொட்டு ஓடுகிறவரையில் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். உட்சுவரில் ஆவி படலமாய் ஒட்டிக்கொண்டால் சூட்டை வாங்க ஆளில்லை. இரும்பு இளகி, உப்பி, வெடிக்கும். ஆயுத பூஜையன்று பாய்லருக்குச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைக்கிறோமே, 1923-ல் வந்த இந்தியக் கொதிகலன் சட்டம் அதையா கேட்டது? பரிசோதனையும் சான்றிதழும் கேட்டது. பூசணிக்காயைச் சாம்பாரில் போட்டாலாவது பலன் உண்டு.

இனித் தீக்குழி. பாதத்தின் வியர்வை ஆவியாகிக் காலைக் காக்கிறது என்று சிலர் சொல்லுவதுண்டு. அது கொஞ்சம் உதவலாம். முக்கிய காரணம் அதுவல்ல. கரி லேசான பொருள், மேலே சாம்பல் வேறு. உள்ளே எவ்வளவு சூடிருந்தாலும் கரி அதை மெதுவாய்த்தான் கொடுக்கும். நடக்கிறவன் கால் ஒரு இடத்தில் அரை விநாடி கூட நிற்பதில்லை. 1935-ல் இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் என்பவர் நடத்திய சோதனையில் குதா பக்ஸ் என்ற காஷ்மீரி முஸ்லிம் தணலில் நடந்து காட்டினார். அதற்குப்பின் ஆங்கிலேயர் சிலரும் நடந்தார்கள். அவர்களுக்கெல்லாம் திரௌபதியா துணை வந்தாள்? அருள்தான் காக்கிறது என்றால், தணலுக்குப் பதில் அதே சூட்டில் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு நடக்கச் சொல்லுங்கள். எந்தப் பூசாரியும் வரமாட்டார். நீங்களும் போய்விடாதீர்கள்.

இதில் வேடிக்கையைவிட வேதனையே அதிகம். தணலில் தடுக்கி விழுந்தால், உடம்பு நெருப்பில் படும் நேரம் அதிகம், ஆகவே வெந்துபோகிறது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் விழுந்தது ஒரு பெண்ணாயிருந்தால் ஊர் என்ன சொல்லுகிறது? "விரதம் கெட்டவள், தீட்டோடு இறங்கினாள்" என்கிறது! வெந்த காலோடு கெட்ட பெயரையும் அவள் சுமக்க வேண்டியிருக்கிறது. புருஷன் வீட்டார் சந்தேகப்படுகிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கித் தடுக்கி விழுந்தால், அந்தக் குழந்தை எந்த விரதத்தைக் கெடுத்தது?

உங்கள் கண்ணெதிரில் யாருக்காவது நெருப்போ நீராவியோ பட்டுவிட்டால், திருநீறு, பேனா மை, மாவு எதையும் பூசாதீர்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள், ஐஸ்கட்டி வைக்கவேண்டாம். பிறகு சுத்தமான துணியால் மூடி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.