அம்மா கழுத்துக் குதிரைவீரன்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய தங்க நாணயங்களைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். தோட்டத்து லயங்களிலிருந்து ஹட்டனுக்குப் பஸ் பிடித்துப் படிக்க வந்த எங்களிடம் நாணய ஆல்பம் ஏது? ஆனால் சிலர் வீட்டில் ஒரு பவுண் காசு இருந்தது. அம்மாவின் மாலையில் தொங்கும். இல்லாவிட்டால் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில், சேலை மடிப்புக்குள் கிடக்கும்.

அந்தக் காசில் குதிரைமேல் ஒருவர் வாளோடு இருப்பார். மதுரைவீரன் என்றே நம்பினோம். காலடியில் கிடப்பது என்ன மிருகம் என்று மட்டும் விளங்கவில்லை! அவர் செயின்ட் ஜோர்ஜ், அது டிராகன் என்று பின்னாளில் அறிந்தோம். 1817இல் அந்த உருவத்தை வடித்தவர் பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சி. ரோமில் பிறந்தவர், மணிக்கல்லில் உருவம் செதுக்குவது அவர் தொழில். தலைக்கவசமும் பறக்கும் மேலங்கியுமாக, பழைய கிரேக்கச் சிற்பத்தின் சாயலிலேயே வீரனைச் செய்தார். காசின் எடை 7.98 கிராம், 22 கரட். இன்றைக்கும் நகைக்கடையில் எட்டுக் கிராமைப் 'பவுண்' என்கிறோமே, அது இந்தக் காசின் பெயர்தான்.

அமெரிக்காவிலும் கிரேக்க நாணயங்களின் அழகில் மயங்கிய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், சிற்பி செயின்ட் கோடன்ஸைக் கொண்டு இருபது டொலர் தங்கக் காசை வடிவமைக்கச் செய்தார். தீப்பந்தம் ஏந்தி நடந்து வரும் சுதந்திர தேவி அதில் இருக்கிறாள். 1933ஆம் ஆண்டுக்காக 445,500 காசுகள் அடித்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தப்பியதில் ஒன்று 2021இல் 1 கோடி 80 இலட்சம் டொலருக்கும் மேல் விலைபோனது.

எங்கள் காசுகளும் உருகித்தான் போயின. வளையம் பற்றவைத்த காசைச் சேகரிப்போர் மதிப்பதில்லை. எங்களுக்கோ அந்த வளையம்தான் பெரிது. ஒரு தாய் அணிந்த அடையாளமல்லவா!

எங்களுள் ஒருத்தியின் அம்மா பரீட்சைக் காலம் வரும்போதெல்லாம் தம் காசை அடகு வைப்பார். மூன்று முறை மீட்டார். நான்காம் முறை முடியவில்லை. குதிரையின் கீழே, ஆண்டுக்கு மேலே, பொடியாக ஓர் ஆங்கில எழுத்து இருந்தது மட்டும் மகளுக்கு ஞாபகம். சென்ற ஆண்டு ஒரு புத்தகப் படத்தில் அதையே கண்டாள். 'ஐ' என்ற எழுத்து, இந்தியாவைக் குறிப்பது. பம்பாய் அக்கசாலையில் 1918ஆம் ஆண்டுக் காசில் மட்டுமே அது உண்டு. பெரிய அபூர்வமில்லை என்பார்கள். அவள் அந்தப் பக்கத்தை வெகுநேரம் புரட்டவேயில்லை.

அதன் பிறகுதான் ஒரு கொப்பி தொடங்கினோம். யார் வீட்டுக் காசு, எந்த ஆண்டு, விக்டோரியாவின் இளமுகமா முக்காடிட்ட முதுமுகமா, யார் யார் அணிந்தார்கள் என்று எழுதுகிறோம். உங்கள் வீட்டில் காசு இருந்தால், கடைக்குக் கொண்டுபோகுமுன் இருபுறமும் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். விற்றுவிட்டீர்களானால் நினைவிலிருப்பதை எழுதுங்கள்; அதற்கும் கொப்பியில் பக்கம் விட்டிருக்கிறோம்.