போலி அனுபவச் சான்றிதழ் வேண்டாம்



"அனுபவம் இருந்தால்தான் வேலை" என்றதும், பணம் கொடுத்துப் போலிச் சான்றிதழ் வாங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அது மறையாது. வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். கணக்கில், எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பதிவாகியிருக்கும். பழைய கம்பெனிக்கே எழுதியும் விசாரிப்பார்கள். சேர்ந்து பல மாதம் கழித்துத் தெரிந்தாலும் வேலை போகும். அங்கே உண்மையாக உழைத்ததற்கும் நல்ல சான்று கிடைப்பது கஷ்டம். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்ததாக வழக்கில் நிரூபணமானால், பாரதிய நியாய சன்ஹிதாவின்படி 7 ஆண்டு வரை சிறை. தெரிந்தே பயன்படுத்தினாலும் குற்றம்தான்.

மாமா கடையில் கணக்கு எழுதியதும் அனுபவமே. அதற்கு உண்மையான கடிதம் வாங்குவோம். வேலையில்லாமல் இருந்த காலத்தை மறைக்காமல் சொல்வோம். சம்பளம் குறைவானாலும் ஹலாலாகத் தொடங்குவோம், அதில்தான் பரக்கத்.