நடுக்குவாதமும் வாய்நீர் வடிதலும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மாலை வேளையில் நடந்து செல்வோர்க்குச் சுக்கு, மிளகு ஆகியவற்றின் மணத்தோடு நான்கைந்து மொழிகளின் ஒலியும் வந்து சேரும். மலையாளம், கொங்கணி, குஜராத்தி இவற்றினிடையே நம் தமிழும் உண்டு. அத்தெருவிலுள்ள பண்டகசாலை ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் நமக்கு அண்டை வீட்டுக்காரர். எழுபதைக் கடந்தவர். சில ஆண்டுகளாக அவருக்கு நடுக்குவாதம். மருத்துவர்கள் இதனைப் பார்க்கின்சன் நோய் என்பர். கை நடுக்கத்தை அவர் பொருட்படுத்தவில்லை. நடை தளர்ந்ததையும் பொறுத்துக் கொண்டார். ஆனால், கடைவாயினின்று நீர் வடியத் தொடங்கிய பின்னர், நண்பர்களோடு அமரும் தேநீர்க்கடைப் பெஞ்சை விட்டார். வீட்டிலும் தட்டை எடுத்துக்கொண்டு தனியறைக்குச் சென்றார். "பேரக்குழந்தைகள் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்" என்பதே அவர் சொன்ன காரணம். தண்ணீர் குடிப்பதையும் பாதியாகக் குறைத்துக் கொண்டார். குடித்தால்தானே வடியும் என்பது அந்தக் கணக்கரின் கணக்கு.

மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நாம், ஒருநாள் அவருடன் மருத்துவரிடம் சென்றோம். "இவருக்கு வாயிலே ரொம்ப நீர் ஊறுதுங்க" என்றார் அவர் துணைவியார். நாமும் அதனை அவ்வாறே மலையாளத்தில் பெயர்த்துச் சொன்னோம். மருத்துவர் புன்னகைத்து, "ஊறுவது கூடவில்லை, விழுங்குவது குறைந்திருக்கிறது" என்று திருத்தினார். சொல்லுக்குச் சொல் சரியாகப் பெயர்த்தும் பொருளில் பிழை நேர்ந்த அந்த நிகழ்ச்சியே இப்பேச்சுக்கு வித்து.

நலமுள்ள மனிதனின் வாயில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. அது நமக்குத் தெரிவதில்லை. நம்மையறியாமலே அதனை விழுங்கிக் கொண்டிருக்கிறோம். நடுக்குவாதத்தில், நடுமூளையின் கருநிறப் பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் செய்யும் உயிரணுக்கள் படிப்படியாக அழிகின்றன. அதனால், நடக்கையில் கை வீசுதல், கண் இமைத்தல் போன்ற தன்னியல்பான அசைவுகள் குறைகின்றன. விழுங்குதலும் அவற்றுள் ஒன்று. தலை முன்னே கவிழ்கிறது. முகத் தசைகள் இறுகி உதடுகள் சற்றே திறந்து நிற்கின்றன. தேங்கிய நீர் வழிகிறது. நோயாளிகளிடம் உமிழ்நீர் மிகுதியாகச் சுரப்பதில்லை, சிலரிடம் குறைவாகவே சுரக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 1817ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி முதன்முதல் விரிவாக எழுதிய இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், வாய்நீர் வடிதலையும் அன்றே குறித்திருக்கிறார். ஆகவே, இது அசுத்தமும் அன்று, அசட்டையும் அன்று. நோயின் குறிகளுள் ஒன்று.

காரணம் தெளிந்தால் வழியும் தெளியும். முதலாவதாக, தண்ணீரைக் குறைத்தல் கூடாது. குறைத்தால் வடிதல் நிற்பதில்லை. நீர் கெட்டிப்பட்டு விழுங்குவது மேலும் கடினமாகும், மலச்சிக்கலும் மிகும். "வெள்ளம் குடிக்கணும்" என்று மருத்துவர் சொன்னபோது பெரியவர் திகைத்துப் போனார். மலையாளத்தில் வெள்ளம் என்பது வெறும் தண்ணீரே என்று நாம் விளக்க வேண்டியதாயிற்று. சிறு சிறு மிடறாக அடிக்கடி குடித்தலே முறை.

இரண்டாவதாக, தானாக நிகழ்ந்ததை இனி நினைந்து செய்தல் வேண்டும். பேசத் தொடங்குமுன் ஒரு முறை, எழுந்து நிற்குமுன் ஒரு முறை, உதடுகளை மூடி விழுங்குதல் நன்று. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தலை கவிழாமல் காத்தல் வேண்டும். சர்க்கரையில்லாத மிட்டாயோ மெல்லும் பசையோ வாயிலிருக்கும் வரையில் விழுங்கும் நினைவைத் தூண்டும். ஆயினும் புரையேறுபவர்க்கு இவை ஆகா. உதட்டையும் மோவாயையும் தேய்த்துத் துடையாமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் தோல் புண்ணாகாது. இரு வேளை பல் துலக்குதல் இன்றியமையாதது. ஏனெனில், தேங்கிய நீர் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலில் சீதசன்னி உண்டாகலாம். உண்ணும்போது இருமல், குரல் நீர் கோத்தாற்போல ஒலித்தல், அடிக்கடி காய்ச்சல், உடல் மெலிதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை அணுக வேண்டும். பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் பயிற்சி அளிக்கும் வல்லுநர்களும் உள்ளனர்.

மருந்துகளைப் பற்றி ஒரு சொல். இந்நோய்க்கு முதன்மையான மருந்து லெவோடோபா. 1937ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் ஆய்வாளர் இருவர் பூனைக்காலி விதையினின்று இப்பொருளைப் பிரித்தெடுத்தனர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. அதற்காக, அவ்விதைப் பொடியைத் தாமே வாங்கி உண்பது தகாது. மாத்திரையோடு சேர்ந்து அளவு மிகும். லெவோடோபாவின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் சீர்செய்தால் சிலருக்கு வடிதலும் குறைகிறது. சுரப்பைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. ஆனால் அவற்றுட் சில முதியோர்க்கு மறதி, மனக்குழப்பம், சிறுநீர்த் தடை முதலியவற்றை விளைவிக்கக் கூடும். வேறு வழிகள் போதாவிடில், உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பாட்டுலினம் என்னும் ஊசி மருந்தைச் செலுத்துவர்; அதன் பயன் ஏறக்குறைய மூன்று மாதம் நீடிக்கும். எதையும் தாமே தொடங்குதலும் கூடாது. உண்ணும் மருந்தைத் திடீரென நிறுத்துதலும் கூடாது.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு மொழி ஒரு தயக்கம். ஆகையால், எந்நேரம் மாத்திரை, எந்நேரம் வடிதல் மிகுதி என்பதை ஒரு வாரம் தாளில் குறித்துச் செல்லுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. கேரளத்தில் 2008ஆம் ஆண்டில் நோய்தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுக்கப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளின் வாயிலாகச் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இத்தகைய அசைவு நோய்களுக்கெனத் தனிப் பிரிவே உண்டு. எவ்வூரில் இருப்பினும், கேட்க நாணாதீர்கள்.

எல்லாவற்றினும் மேலான மருந்து வீட்டாரின் கையில் இருக்கிறது. பெரியவரின் பேத்தி இப்போது உணவு வேளையில், "தாத்தா, முழுங்குங்க" என்று மெல்லச் சொல்கிறாள், முகம் சுளிப்பதில்லை. வடிதல் முற்றும் நின்றபாடில்லை. தோளில் துண்டு இன்றும் இருக்கிறது. ஆயினும், அவருடைய தட்டு தனியறையினின்று கூடத்துக்குத் திரும்பிவிட்டது. தேநீர்க்கடைப் பெஞ்சுக்கும் அவர் திரும்புவார் என்று நாம் காத்திருக்கிறோம்.